இரண்டு மணி நேரம் படகில் போயும் முதுகுகளைத்தான் பார்த்தேன்: ஆற்றுக் காட்டுயிர்ச் சவாரியில் கூடுதலாகக் காண என்ன செய்யலாம்?

கரையோரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் முதன்முறையாக, ஆற்றில் காட்டுயிர் பார்க்கும் படகுச் சவாரி ஒன்றுக்குப் போய்வந்தேன். பன்னிரண்டு பேர் அமரும் மோட்டார் படகு. முற்பகல் 11 மணிக்குப் புறப்பட்டு 1 மணிக்குத் திரும்பினோம். எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை. யாராவது "அதோ!" என்று கூவியதும் முன்னால் இருந்த எட்டுப் பேரும் எழுந்து நின்றுவிடுவார்கள். அவர்கள் அமர்ந்து எனக்குக் கரை தெரியும்போது, முதலை இறங்கிய இடத்தில் கலங்கிய நீர் மட்டும் மிஞ்சியிருக்கும். பறவைகள் என்று பார்த்தால், எங்களைக் கண்டு பறந்து போகும் சில கொக்குகளின் பின்புறம்தான்.

அடுத்த மாதம் அதே ஆற்றுக்கு மீண்டும் போகும் வாய்ப்பு இருக்கிறது. எதை மாற்றினால் பலன் இருக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். "எல்லாம் அதிர்ஷ்டம்" என்ற பதிலைப் படகிலேயே போதுமான அளவு கேட்டுவிட்டேன்.

நீர்க்காகம் எழுதியது:

முதலில் நேரத்தை மாற்றுங்கள். முற்பகல் 11 மணி என்பது பெரும்பாலான பறவைகள் இரை தேடி முடித்து நிழலுக்குள் ஒடுங்கிவிடும் வேளை. பொழுது புலர்ந்த முதல் இரண்டு மணி நேரமும், கதிரவன் மறைவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும்தான் ஆற்றங்கரை விழித்திருக்கும் நேரங்கள்.

ஊர்வனவற்றுக்கு இந்தக் கணக்கு சற்று மாறும். முதலைக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஆகவே குளிர் மாதங்களில் வெயில் ஏறிய பிறகுதான் அது மணல்திட்டில் வந்து படுக்கும். அப்போது நீங்கள் போன 11 மணியே நல்ல நேரமாக இருந்திருக்கும். கோடையிலோ அதிகாலையிலும் மாலையிலும் மட்டுமே வெளியே கிடந்துவிட்டு, உச்சி வெயிலை நீருக்குள் கழிக்கும். வட இந்தியாவின் சம்பல் ஆற்றில் கரியால் எனப்படும் நீள்மூக்கு முதலைகளைப் பார்க்கப் போகிறவர்கள் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இதுதான். வாயைப் பிளந்தபடி கிடக்கும் முதலையைக் கண்டு படகில் உள்ளவர்கள் கோபமாக இருக்கிறது என்று அலறுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது வெப்பத்தைச் சீராக்கிக்கொள்ளும் ஒரு வழி, அவ்வளவுதான்.

எனவே, எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதன்பின் நேரத்தைக் கேளுங்கள். போர்னியோவின் கினபத்தாங்கன் ஆற்றில் நீள்மூக்குக் குரங்குகள் இரவு தூங்குவதற்காக மாலையில் கரையோர மரங்களுக்கு வந்து சேரும். அங்கே நண்பகலில் படகேறுகிறவர் பார்ப்பது மரங்களைத்தான்.

கழிமுகம் எழுதியது:

நேரத்தோடு நீர்மட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடலை ஒட்டிய ஆறுகளில் கடிகாரத்தைவிட ஓதம்தான், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம்தான் முக்கியம். சுந்தரவனம் போன்ற இடங்களில் நீர் வற்றும்போது சேற்றுக்கரை வெளிப்படும். நண்டும் சேற்றுத்தாவி மீனும் வெளியே வரும். அவற்றைத் தேடி நாரைகளும் உள்ளான்களும் வரும். நீர் ஏறிவிட்டால் அதே கரை வெறும் இலைச்சுவராகிவிடும்.

உள்நாட்டு ஆறுகளில் வறண்ட பருவம் நல்லது என்பது பொது விதி. நீர் சுருங்கச் சுருங்க விலங்குகள் ஆற்றைத் தேடி வருகின்றன. பிரேசிலின் பாந்தனால் பகுதியில் ஜூலை முதல் அக்டோபர் வரை ஜாகுவார்களைப் படகிலிருந்தே காண முடிவதும் இதனால்தான். ஆனால் வெள்ளப் பருவத்தை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டாம். அமேசான் படுகையில் சில இடங்களில் நீர்மட்டம் ஏறக்குறைய 10 மீட்டர் உயர்கிறது. அப்போது படகு காட்டுக்குள்ளேயே நுழைந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய கிளைகளுக்கு நேர் எதிரே போய் நிற்கும்.

பழைய துடுப்பு எழுதியது:

பல ஆண்டுகள் படகு ஓட்டியவன் என்ற முறையில், மறுபக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் கரையோரன் சொன்னதில் எனக்கு முக்கியமாகப்பட்டது கடைசி வரிசை அல்ல. எட்டுப் பேர் எழுந்து நின்றது. கரையில் உள்ள விலங்குக்குப் படகும் அதில் அமர்ந்திருப்பவர்களும் சேர்ந்து ஒரே பொருளாகத்தான் தெரிகிறது. நீளமாக, தாழ்வாக, மெதுவாக நகரும் ஏதோ ஒன்று. அதை நாள்தோறும் பார்த்துப் பழகியிருக்கும். ஒருவர் எழுந்து நின்றதும் அந்த உருவம் உடைந்து, அதிலிருந்து ஒரு மனித வடிவம் முளைக்கிறது. முதலை அதற்குத்தான் இறங்குகிறது. மோட்டாரின் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அதே முதலை, எழுந்து நின்ற ஒரு மனிதரைப் பொறுத்துக்கொள்ளாது. அதிலும், எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்கினால் படகு சரியும் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது, நெருங்கும் விதம். படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, விலங்கை நோக்கித் திருப்பி நேராகப் போகிற படகோட்டியால் எதையும் காட்ட முடியாது. நல்ல படகோட்டி கரைக்கு இணையாகவே வருவார். விலங்குக்கு மேலே, அதாவது நீரோட்டம் வரும் பக்கம், ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி மோட்டாரை அணைத்துவிடுவார். பிறகு நீரோட்டமே படகைக் கொண்டுவந்து சேர்க்கும். மோட்டாரை அணைப்பதைக்கூடப் பட்டென்று செய்யாமல் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துத்தான் செய்ய வேண்டும். திடீர் மௌனமும் ஒரு சத்தம்தான். காற்று உங்கள் பக்கத்திலிருந்து கரை நோக்கி வீசினால், பாலூட்டிகளைப் பொறுத்தவரை பாதி வாய்ப்பு அப்போதே போய்விட்டது.

மூன்றாவதாக, இது என் அழுத்தமான கருத்து: தூரத்தைக் குறையுங்கள். பயணிகளில் பெரும்பாலோர் எவ்வளவு தூரம் போனோம் என்பதை வைத்துச் சவாரியை அளக்கிறார்கள்; அதனால் ஓட்டுபவரும் ஓட்டிக்கொண்டே இருக்கிறார். புறப்படும் முன்பே அவரிடம் போய், "பாதித் தூரம் போனால் போதும், நல்ல இடத்தில் அரை மணி நேரம் மோட்டாரை நிறுத்திவிட்டு இருக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியில் அவர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

மெல்லலை எழுதியது:

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் மூன்றாவது செய்தியை அப்படியே ஏற்க முடியவில்லை. என்னைப் போன்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரத்துக்குப் போகிறவர்கள். ஆறு ஒரே மாதிரி இருப்பதில்லை; மணல்திட்டில் ஓர் இனம், செங்குத்தான மண்கரையில் ஓர் இனம், நாணல் புதரில் ஓர் இனம். நகர்ந்தால்தான் இவை எல்லாவற்றையும் பார்க்க முடியும். உங்களைப் போன்ற ஒருவரின் பேச்சைக் கேட்டு ஒருமுறை ஒரு வளைவில் நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்தோம். ஒரு தும்பி வந்து படகின் விளிம்பில் உட்கார்ந்தது. அவ்வளவுதான் கண்ட பலன்.

பழைய துடுப்பு எழுதியது:

மெல்லலை அவர்களின் குறை நியாயமானது. நில்லுங்கள் என்றேனே ஒழிய எங்கே நிற்பது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அழகான வளைவு என்பதற்காக ஓரிடத்தில் நிற்பது வீண்தான். அங்கே விலங்கு வந்துபோகிறது என்பதற்குத் தடயம் இருக்க வேண்டும்.

நீரை நோக்கிச் சாய்ந்த கிளையின் கீழ் இலைகளில் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளை எச்சம் படிந்திருந்தால், பாம்புத்தாராவோ நீர்க்காகமோ அங்கே வழக்கமாக உட்காருகிறது என்று பொருள். நீரோரப் பாறையில் மீன்செதிலும் நண்டோடும் கலந்த எச்சக் குவியல் கிடந்தால் அது நீர்நாய்களின் இடம்; நெருங்கினால் வாடையே சொல்லிவிடும். மணலில் நடுவே வால் இழுத்த கோடும் இருபுறமும் கால்தடங்களுமாக ஒரு வழுக்குப் பாதை நீருக்குள் இறங்கினால், முதலை அங்கேதான் ஏறி இறங்குகிறது. விளிம்பு சரியாமல் ஈரம் மின்னினால் அது சற்று முன்னர் இறங்கியது. விளிம்பு உலர்ந்து உதிர்ந்திருந்தால் நேற்றையது. செங்குத்தான மண்கரையில் கைமுட்டி அளவுத் துளைகள் இருந்தால் மீன்கொத்தியின் வளைகளாக இருக்கலாம். துளையின் கீழ் உதட்டைப் பைனாகுலரில் பாருங்கள். பறவையின் கால்கள் உரசி உரசி இரண்டு சிறு பள்ளக்கோடுகள் தெரிந்தால் வளையில் குடியிருப்பு உண்டு; சிலந்திவலை மூடியிருந்தால் வீடு காலி.

இவற்றுள் இரண்டு தடயமாவது சேர்ந்திருக்கும் இடத்தில் நில்லுங்கள். தும்பியை நான் குறையாக எண்ண மாட்டேன், அது வேறு பேச்சு.

ஒளிப்பெட்டி எழுதியது:

கருவிகளைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் அந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

படகுக்குப் பைனாகுலர் வாங்குகிறவர்கள் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறுகிறார்கள். 8×42 என்றால் எட்டு மடங்கு உருப்பெருக்கம், முன்வில்லையின் விட்டம் 42 மி.மீ. உருப்பெருக்கம் கூடக் கூடக் கைநடுக்கமும் படகின் ஆட்டமும் அதே மடங்கில் பெருகும். ஆடும் படகில் 10 மடங்குக் கருவியில் தெரிவதைவிட 8 மடங்கில் தெளிவாகத் தெரிவது இதனால்தான். மேலும் 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25; கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் அத்தனை மில்லிமீட்டர். பையில் அடங்கும் 8×25-இல் அது 3-ஐச் சற்றே தாண்டும். நண்பகலில் வேறுபாடு தெரியாது. அந்தி மங்கும்போது, அதாவது விலங்குகள் வெளியே வரும்போது, சிறிய கருவியில் எல்லாம் நிழலாகிவிடும்.

முக்காலியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மோட்டாரின் அதிர்வு பலகை வழியாக முக்காலியில் ஏறி, அங்கிருந்து கேமராவுக்குள் போய்விடும். அந்த அதிர்வைத் தடுக்க உங்கள் உடலைவிடச் சிறந்த மெத்தை கிடையாது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஷட்டர் வேகத்தை 1/1000 விநாடிக்குக் கீழே விடாதீர்கள்; பறக்கும் பறவைக்கு 1/2000 வேண்டும். அதற்காக ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்திறன்) ஏறினால் ஏறட்டும், புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. கரும்பச்சைக் கரையின் முன் நிற்கும் வெண்கொக்கைக் கேமரா தானாக அளந்தால் இறகெல்லாம் வெளுத்து ஒரே வெள்ளையாகிவிடும். ஒளியளவை ஒரு படி குறைத்து எடுங்கள். முனைவாக்க வடிகட்டி (போலரைசர்) நீரின் பளபளப்பைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வரும் ஒளியில் பாதி முதல் முக்கால் பங்கு வரை அது விழுங்கிவிடுவதால் காலைப் பொழுதில் அதை நான் கழற்றிவிடுவேன்.

இருக்கையைப் பற்றி ஒரு சொல். மோட்டாருக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். புகை, சத்தம், அதிர்வு மூன்றும் அங்கேதான். முன்வரிசையின் ஓரம் சிறந்தது. எந்தக் கரையை ஒட்டிப் போவீர்கள், திரும்பும்போது வெயில் எந்தப் பக்கம் விழும் என்று ஓட்டுபவரிடம் கேட்டுவிட்டு ஏறினால், இடப்புறமா வலப்புறமா என்பது தானே முடிவாகிவிடும். கூரை உள்ள படகென்றால் மரக்கிளையில் உள்ளவற்றை மறந்துவிட வேண்டியதுதான்.

நீர்க்காகம் எழுதியது:

கருவியை எடுப்பதற்கு முன் வெறுங்கண்ணால் தேடப் பழக வேண்டும். புதியவர்கள் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டே கரையைத் துழாவுகிறார்கள். அது குழாய் வழியாக வீட்டைப் பார்ப்பது போலத்தான். நீரும் கரையும் சேரும் கோட்டைக் கண்ணால் மெதுவாகத் தொடருங்கள். செங்குத்தான தண்டுகளுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு கோடு, அசையாத நீரில் விரிந்துகொண்டே போகும் இரட்டை அலை, காற்றே இல்லாதபோது ஆடும் ஒற்றை நாணல். இப்படிப் பொருந்தாத ஒன்று பட்டதும், பார்வையை அதிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள்.

மற்றவருக்குக் காட்டும்போது "அதோ அந்த மரத்தில்" என்று கையை நீட்டுவதால் பயனில்லை. அணியத்தைப் பன்னிரண்டு மணியாக வைத்துக்கொண்டு "பத்து மணித் திசை, நீர்மட்டத்திலிருந்து இரண்டாள் உயரம்" என்று தணிந்த குரலில் சொன்னால் எல்லோரும் ஒரே நொடியில் பார்த்துவிடுவார்கள். கையை வீசுவது விலங்குக்கும் தெரியும்.

சில உயிரினங்களுக்குக் காதுதான் முதல் கருவி. 2009-இல் இந்தியாவின் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்ட கங்கை ஓங்கில் (டால்பின்) மூச்சுவிட மேலே வருவது ஓரிரு விநாடிக்குத்தான். கேமராவோடு காத்திருப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நீர்வளையமே. ஆறுகள் கூடும் இடத்திலோ வளைவை அடுத்த எதிர்ச்சுழலிலோ மோட்டாரை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், அது மூச்சுவிடும் சத்தம் காதில் விழும்; அடுத்த முறை மேலே வருவது பெரும்பாலும் சற்றுத் தள்ளித்தான்.

மணல்திட்டு எழுதியது:

கூடுகள் உள்ள திட்டுகளைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். ஆலாக்களும் ஆள்காட்டிகளும் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. "இன்னும் கொஞ்சம் பக்கத்தில்" என்று நாம் படகோட்டியை வற்புறுத்தும்போது, தாய்ப்பறவை எழுந்து நம் தலைக்கு மேல் கத்திக்கொண்டு வட்டமிடுகிறது. நமக்கு அது காட்சி. கீழே கோடை மணலில் நிழலற்றுக் கிடக்கும் முட்டைகளுக்குச் சில நிமிடங்களே போதும், கரு செத்துவிடும். காக்கையும் பருந்தும் அந்த இடைவெளிக்காகவே காத்திருக்கும்.

மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்குவது, உடலை நீரை நோக்கித் திருப்புவது, அலகைத் திறக்காமல் அசையாமல் உறைந்து நிற்பது ஆகியவை போதும் என்று விலங்கு சொல்லும் விதங்கள். அதற்கு மேல் நெருங்கினால் பறந்துபோவதைத்தான் படமெடுப்பீர்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டோ இரையை வீசியோ வரவழைத்துக் காட்டுகிற படகென்றால், அடுத்த முறை வேறு படகைத் தேடுங்கள். இரவுச் சவாரியில் விளக்கு வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்: முதலையின் கண் செந்தணலாக மின்னுவதைப் பார்த்ததும் ஒளியை விலக்கிவிட வேண்டும், கிளையில் தூங்கும் மீன்கொத்தியின் முகத்தில் விளக்கை நிறுத்தி வைப்பது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத செயல்.

கரையோரன் எழுதியது:

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஓர் ஐயம் மட்டும் மிச்சம் இருக்கிறது. தனிப்படகு எடுத்தால் எல்லாவற்றையும் என் விருப்பப்படி செய்யலாம். பன்னிரண்டு பேர் உள்ள பொதுப்படகில், முன்பின் அறியாதவர்களிடம் "எழுந்து நிற்காதீர்கள்" என்று சொல்வது எப்படி?

பழைய துடுப்பு எழுதியது:

நீங்கள் சொன்னால் சண்டை வரும். படகோட்டி சொன்னால் விதி. ஏறுவதற்கு முன் அவரைத் தனியே பார்த்து, எழுந்து நிற்க வேண்டாம் என்றும் படம் எடுக்க எல்லாப் பக்கத்துக்கும் படகைத் திருப்பிக் காட்டுவதாகவும் புறப்படும்போதே அறிவிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது பாதிதான் முக்கியம். மக்கள் எழுவது தங்களுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்ற பயத்தால்தான்.

கூடவே இன்னொன்று: நேற்று என்ன பார்த்தீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். பெரிய விலங்கு மட்டும் வேண்டும் என்று வருகிறவர்களையே பார்த்துப் பார்த்து, சிறிய செய்திகளைச் சொல்வதைப் படகோட்டிகள் நிறுத்திவிட்டார்கள். உயிர்காப்பு மேலங்கியின் கொக்கிகளைப் பூட்டிக்கொள்ளுங்கள். கையை நீருக்குள் தொங்கவிடாதீர்கள். தொப்பிக்குக் கயிறு இருக்கட்டும். நீரில் பட்டுத் திரும்பும் வெயில் தொப்பிக்கு அடியிலும் வந்து சுடும்.

கரையோரன் எழுதியது (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):

போய்வந்துவிட்டேன். காலை 6 மணிப் படகு, ஆறு பேர், முன்வரிசை வலது ஓரம். படகோட்டியிடம் முன்கூட்டியே பேசியதால் அவர் போகும் தூரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மெல்லலை அவர்களின் பேச்சையும் தள்ளிவிடாமல், முதல் அரை மணி நேரம் ஓடிக்கொண்டே தடயம் தேடினோம். பிறகு ஒரு மண்கரையை ஒட்டி மரவேரில் கயிற்றைக் கட்டி நின்றோம். மூன்று நீர்நாய்கள் எதிர்க்கரையில் ஏறி மணலில் புரண்டு உடலைத் துவட்டிக்கொண்டன. எங்களில் ஒருவரும் எழவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது ஒரு மீன்கொத்தி. படகிலிருந்து எட்டு மீட்டர்கூட இருக்காது. நீட்டிக்கொண்டிருந்த ஒரு வேரில் மீனோடு வந்து உட்கார்ந்தது. மீனை வேரில் இருமுறை அடித்தது. விழுங்கும் என்று பார்த்தால் விழுங்கவில்லை. மீனின் தலை அலகுக்கு வெளியே முன்னால் நீட்டியிருக்க, அப்படியே ஏறத்தாழ நான்கு நிமிடம் உட்கார்ந்திருந்தது. இருபது படங்கள் எடுத்தேன். ஒரு பறவை இவ்வளவு நேரம் எனக்காக அசையாமல் இருந்தது இதுவே முதல் தடவை. ஏன் விழுங்கவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

பழைய துடுப்பு எழுதியது:

தான் தின்னும் மீனை அது தலை உள்ளே போகும்படி திருப்பிப் பிடிக்கும். இல்லையென்றால் செதிலும் துடுப்பும் தொண்டையில் குத்தும். தலை வெளியே இருந்தால் அது வேறொருவருக்கு ஊட்டுவதற்காக எடுத்துவந்த மீன். இணைக்கோ குஞ்சுக்கோ. நான்கு நிமிடம் காத்திருந்தது உங்களுக்காக இல்லை, நீங்கள் போவதற்காக. படத்தில் பறவைக்குப் பின்னால் உள்ள கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கரையோரன் எழுதியது:

பார்த்தேன். படத்தின் இடது மூலையில், வேருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் துளை இருக்கிறது. கீழ் உதட்டில் இரண்டு கோடுகள், ஒரு வெள்ளைத் தாரை. நாங்கள் கயிறு கட்டியது அதற்கு நேர் கீழே. படகோட்டியின் எண் என்னிடம் இருக்கிறது. அந்த வேரில் இனிக் கட்ட வேண்டாம், எதிர்க்கரையில் நீர்நாய் ஏறிய இடத்துக்குச் சற்று மேலே கட்டலாம் என்று இன்று மாலை அவரிடம் சொல்லிவிடுகிறேன்.